உதைக்கிற வண்டி

கே: பிரிட்டனில் பழைய ராணுவக் கவச வண்டியை வாங்கிவந்து வருஷக்கணக்கில் பழுது பார்க்கிறார்களாமே, எதற்கு?

ப: அவர்கள் மனைவிமார் கேட்கும் அதே கேள்வி! பிரிட்டிஷ் டெய்ம்லர் தயாரித்த ‘ஃபெரெட்’ அவர்களின் செல்லப்பிள்ளைகளில் ஒன்று. 1950களின் வண்டி. ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்; யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். முன்னே போக ஐந்து கியர், பின்னே ஓடவும் ஐந்து. எதிரியைப் பார்த்தபின் வண்டியைத் திருப்ப நேரமேது? கியரை முதலில் கையால் தேர்ந்துகொண்டு, பிறகு பெடலை அடிவரை மிதிக்க வேண்டும். அரைகுறையாக மிதித்தால் பெடல் திருப்பி உதைக்கும். போருக்கே போகாதவருக்கும் விழுப்புண்! துருவேறி இறுகிய ஒரே போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, சனிக்கிழமைதோறும் தட்டிப் பார்ப்பார்கள். அது கழன்ற அன்று தெருவுக்கே தெரியும்.