பத்து ஆடு, இரண்டு தப்பு

கேள்வி: 'மை ஃபாதர் ஹேஸ் பாட் டென் ஷீப்ஸ் எஸ்டர்டே' என்று ஒரு மாணவன் எழுதியிருக்கிறான். இது சரியான ஆங்கிலமா?
- ஓர் ஆசிரியை, மேச்சேரி

பதில்: இரண்டு தப்பு. ஆனால் பையன் தமிழை ஒழுங்காகக் கற்றவன்!

'அப்பா நேற்று வாங்கியிருக்கிறார்' என்பது நல்ல தமிழ். அதைத்தான் அப்படியே ஆங்கிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே 'எஸ்டர்டே' உள்ளே வந்தால் 'ஹேஸ்' வெளியே போயாக வேண்டும். 'பாட்' மட்டும் போதும். 'நேற்று' வேண்டாம் என்றால் 'ஹேஸ் பாட்' தாராளமாக இருக்கலாம்.

அடுத்து ஆடு. வெள்ளாடு என்றால் 'கோட்ஸ்' சரி. மேச்சேரி ஆடோ செம்மறி. தோலுக்குப் பேர்போன இனம், பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. செம்மறி ஒன்றானாலும் நூறானாலும் 'ஷீப்'தான். இதில் ஆங்கிலத்தைப் பார்த்து மிரள வேண்டாம். 'ஆடு வந்தது', 'ஆடு வந்தன' என்று வினையை வைத்து எண்ணிக்கை சொல்கிறோமே, அதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது. 'ஷீப் இஸ்', 'ஷீப் ஆர்' என்பதும் அதே கணக்கு.

 

டீச்சர், சிவப்பு மையில் சுழித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தராதீர்கள். தமிழ் வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதி, எந்த இடத்தில் வழி பிரிகிறது என்று காட்டுங்கள். அடுத்த முறை அவனே திருத்திக்கொள்வான்.