சித்தப்பாவின் துண்டு லண்டனில் செல்லாது

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பாதி நீங்க பேசுறீங்க, மீதிப் பாதி சித்தி மீன்காரரோட சண்டை போடுறாங்க. சாளைக்கு அந்த விலை அநியாயம்தான், சொல்லிடுங்க. அதுக்கு நடுவுல உங்க கேள்வி மட்டும் காதுல விழுந்துது: “மக்ளே, ஜூன்ல வந்தா லண்டன்ல என்னத்தப் பாக்கலாம்? லிஸ்ட் போட்டு அனுப்பு.” ஃபோன்ல சொன்னா ஒரு வரி முடியறதுக்குள்ள சித்தி பிடுங்கிருவாங்க. அதான் எழுதுறேன்.

முதல்ல வெயில். ஜூன்ல இங்கே காலையில நாலே முக்காலுக்குச் சூரியன் வந்துரும். ராத்திரி ஒன்பதே காலைத் தாண்டித்தான் போகும். நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து படுக்கிற என் கஷ்டம் அதுக்குத் தெரியாது. ஆனா ஊரே இந்த வெளிச்சத்துக்காகத்தான் வருஷம் பூரா காத்துக் கிடக்கு. ராஜாவே இதுக்காகப் பிறந்தநாளை மாத்தி வச்சிருக்கார்னா பாருங்க! சார்லஸ் பிறந்தது நவம்பர் 14. கொண்டாடுறது ஜூன்ல ஒரு சனிக்கிழமை. இவருக்குக் கொள்ளுத் தாத்தாவோட அப்பா ஏழாம் எட்வர்டும் நவம்பர்க்காரர்தான். மழையிலயும் குளிர்லயும் யார் அணிவகுப்பு பாக்க வருவான்னு, அவர் காலத்துலயே கோடைக்குத் தள்ளிட்டாங்க. ‘ட்ரூப்பிங் த கலர்’னு பேர். கரடித் தொப்பி வச்ச சிப்பாய்கள், குதிரைகள், கடைசியில அரண்மனைக்கு மேல விமானங்கள். ‘த மால்’ ரோட்டோரமா நின்னா காசு கிடையாது. முப்பது வருஷம் பி.டி. மாஸ்டரா இருந்த உங்களுக்கு, அத்தனை பேர் லெஃப்ட் ரைட்லயும் குத்தம் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சித்திக்கு கியூ தோட்டம். அங்கே 1848ல கட்டி முடிச்ச ஒரு பெரிய கண்ணாடி வீடு இருக்கு, ‘பாம் ஹவுஸ்’. உள்ளே சூடு ஏத்தி, ஈரம் தெளிச்சு, வாழையும் தென்னையும் வளர்க்கிறாங்க. தோட்டத்துக்குள்ள போக இருபது பவுண்டுக்கு மேல. நம்ம காசுக்கு ரெண்டாயிரத்தைத் தாண்டுது, கணக்குப் போட்டு சித்திகிட்ட சொல்லிராதீங்க. நான் போனப்ப, தொப்பி போட்ட ஒரு பெரியவர் வாழை எப்படிக் குலை தள்ளும்னு எனக்குப் பொறுமையா விளக்கினார். நானும் இன்னைக்குத்தான் கேள்விப்படுற மாதிரி தலையாட்டினேன். அவர் போனதும் வெளியே வந்திருக்கலாம். அந்தப் புழுக்கமும் ஈர மண் வாசனையும் விடலை. இன்னொரு சுத்து சுத்திட்டுத்தான் வந்தேன்.

ஹைட் பார்க்ல புல் மேல படுத்தா இலவசம். பச்சைக் கோடு போட்ட துணி நாற்காலியில உக்காந்தா வாடகை. உக்காந்து சுகமாக் கண்ணை மூடினப்புறம்தான் காசு வாங்குற ஆள் வருவார். தேம்ஸ் ஓரத்துல ‘குளோப்’ நாடகக் கொட்டகை. ஷேக்ஸ்பியர் காலத்துது 1613ல நாடகம் நடக்கும்போதே பீரங்கிப் பொறி பட்டு எரிஞ்சுபோச்சு. இப்ப இருக்கிறது 1997ல திறந்தது. நடுவுல கூரை கிடையாது. மலிவு டிக்கெட்டுன்னா அந்த முற்றத்துல நின்னுக்கிட்டே பாக்கணும். தரையில உக்காரக் கூடாது. மழை வந்தா குடை விரிக்கக் கூடாது. மழைக்கோட்டு போட்டுக்கிட்டு நனையலாம்.

இதெல்லாம் சில்லறை. உங்களுக்குன்னு நான் வச்சிருக்கிறது விம்பிள்டன். ஜூன் கடைசியில தொடங்கி ஜூலையில முடியும். ஆட்டத்தைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லணுமா? நாகர்கோவில்ல பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954ல அங்கே ஜூனியர் பட்டம் வாங்கினதையும், 1961ல எமர்சனை அடிச்சுட்டு அரையிறுதியில லேவர்கிட்ட தோத்ததையும் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்த ஆள் நீங்க. நான் சொல்லப் போறது க்யூவைப் பத்தி.

அங்கே க்யூதான் முக்கியம், சித்தப்பா. டென்னிஸ் அதுக்கப்புறம். எப்படி க்யூவில நிக்கணும்னு ஒரு வழிகாட்டியே போட்டிருக்காங்க. முதல் நாளே விம்பிள்டன் பார்க்குக்குப் போய் புல்வெளியில கூடாரம் அடிக்கணும். ஒரு கூடாரத்துக்கு ரெண்டு பேர்தான். தேதியும் நம்பரும் போட்டு ஆளுக்கு ஒரு சீட்டு தருவாங்க, அதைக் கைமாத்தக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது. அடுப்பு பத்த வைக்கக் கூடாது. விடியக்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு ஆள் வந்து கூடாரத்தைத் தட்டி, ‘குட் மார்னிங்’ சொல்லி எழுப்புவார். எழுந்து கூடாரத்தை மடக்கி, சாமான் அறையில கொடுத்துட்டு, மறுபடியும் நிக்கணும். சென்டர் கோர்ட், ஒண்ணாம் கோர்ட், ரெண்டாம் கோர்ட் ஒவ்வொண்ணுக்கும் நாளுக்கு ஏறக்குறைய 500 டிக்கெட் க்யூவில நிக்கிறவங்களுக்குன்னு வச்சிருப்பாங்க. மத்தவங்களுக்கு மைதானத்துக்குள்ள போற டிக்கெட், சுமார் 30 பவுண்டு.

இப்பத்தான் முக்கியமான விதி. நடுவுல எழுந்து போகலாம். பாத்ரூமோ டீயோ, முப்பது நிமிஷம்தான். அதுக்கு மேல போனா இடம் போச்சு. இன்னொருத்தருக்காக இடம் பிடிக்கக் கூடாது. பையை வச்சுட்டுப் போனாலும் செல்லாது. இதைப் படிச்சதும் எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துது. வடசேரி ஸ்டாண்டுல பஸ் நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியாத் துண்டை எறிஞ்சு, குடும்பத்துக்கே சீட்டு பிடிச்சவர் நீங்க. அந்தத் துண்டை இங்கே யாரும் மதிக்க மாட்டாங்க. சித்திக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டுன்னு புல்வெளியில விரிச்சு வச்சீங்கன்னா, அந்த ஆள் மடிச்சு உங்க கையிலயே கொடுத்து, கோபமே இல்லாம ‘ஸாரி’ம்பார். கோபப்பட்டாலாவது நீங்க பதிலுக்குப் பேசலாம். இவங்ககிட்ட அதுக்கும் வழியில்லை.

ஆனா ஒண்ணு. நான் போனப்ப பக்கத்துக் கூடாரத்துப் பாட்டிகிட்ட ராமநாதன் கிருஷ்ணன் கதை முழுசும் சொன்னேன், 1960லயும் அரையிறுதி போனார்ங்கிறது உட்பட. எங்க ஊர்க்காரர்னு அழுத்திச் சொன்னேன். எனக்கு என்னமோ நானே ஆடினாப்ல இருந்துது. பாட்டி ஃப்ளாஸ்க்கில இருந்து டீ ஊத்திக் கொடுத்தா. உள்ளே போனதும் ஸ்ட்ராபெரியும் க்ரீமும் வாங்கித் தந்தா. அது 2010லேர்ந்து 2.50 பவுண்டு, 2025ல இருபது பென்ஸ் ஏத்தினதுக்குப் பேப்பர்லயே செய்தி.

எல்லாம் பெருமையா எழுதிட்டேன், ஒரு குறையும் சொல்லிர்றேன். இங்கே வீடுங்க குளிருக்குன்னு கட்டினது. ஃபேன் மாட்டக் கொக்கி கூட கிடையாது. 2022 ஜூலையில ஹீத்ரோவில 40 டிகிரியைத் தாண்டுச்சு, நாங்க ஈரத் துணியைப் போர்த்திக்கிட்டுக் கிடந்தோம். அங்கே உங்களுக்கு ஜூன்னா சாரல். மலைக்காத்து வாசல்லயே வந்து நிக்கும். இங்கே ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், தெருவுல ஒருத்தர் கூட வாசல்ல உக்காந்து பேச மாட்டாங்க. விருந்தாளி வந்தாத்தான் நான் இந்த ஊரையே சுத்திப் பாக்குறேன். இல்லேன்னா டூட்டி, பஸ், தூக்கம்.

அதனால ‘யோசிப்போம்’னு பதில் போடாதீங்க. இந்த வருஷம் நம்ம ஊர் அம்மன் கோயில் கொடைக்கும் எனக்கு லீவு இல்லைன்னுட்டாங்க. ஜூன் கடைசி வாரம் வர்றதா வச்சுக்கிட்டு விசாவுக்கு எழுதுங்க, டிக்கெட் நான் போடுறேன். சித்தி முழங்காலைக் காரணம் சொன்னா, க்யூவில மடக்கு நாற்காலி போட்டுக்கலாம்னு சொல்லுங்க. நெய், பால்கோவா எதுவும் கட்டாதீங்க, பால் சாமான் உள்ளே விட மாட்டாங்க. நேந்திரங்காய் சிப்ஸ் எவ்வளவு வேணும்னாலும் கொண்டு வரலாம். ரோஸ்டர் போடுறதுக்கு முன்னாடி லீவு எழுதிக் கொடுக்கணும். தேதியை இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிருங்க.

அன்புடன்,
உங்க மகள்