மேடை போட்டது யார்?

கே: பிரதமர் இந்திரா காந்தி ரேபரேலியில் வென்ற தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்த நீதிபதி யார்?

ப: ஜக்மோகன்லால் சின்ஹா, அலகாபாத் உயர் நீதிமன்றம். தீர்ப்பு நாள் 1975 ஜூன் 12. பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

கே: பிரதமரையே நீதிமன்றத்துக்கு வரவழைத்தாராமே?

ப: ஆமாம், மார்ச் 18 அன்று. அவர் உள்ளே வரும்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது, நீதிமன்றத்தில் நீதிபதிக்கு மட்டுமே எழுந்து நிற்பது வழக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதே சமயம், பிரதமர் உட்கார்ந்து சாட்சி சொல்ல நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று தெரிந்த மனிதர்.

கே: பிரசார மேடையும் மைக்கும் ஒரு குற்றமா? அதற்காகத் தேர்தலில் நிற்க ஆறு ஆண்டுத் தடையா?

ப: ரேபரேலிக் கூட்டங்களுக்கு மேடை போட்டதும் ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுத்ததும் உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகள். பிரதமர் செயலகத்தில் இருந்த யஷ்பால் கபூர் அரசு வேலையிலிருந்து முறைப்படி விடுபடும் முன்பே பிரசாரத்தில் இறங்கிவிட்டார். எதிர்த்து நின்று, பிறகு வழக்கும் போட்ட ராஜ் நாராயணுக்குப் பொதுப்பணித் துறை பொறியாளரா வந்து பந்தல் கட்டினார்? சர்க்கார் ஆள் ஒரு வேட்பாளருக்கு மட்டும் வேலை செய்தால் அது சமமான போட்டியே இல்லை. சட்டமும் அதில் சின்னது, பெரியது பார்ப்பதில்லை. வேட்டி, போர்வை, மது கொடுத்தார்கள், காங்கிரசின் பசு-கன்று மதச் சின்னம் என்ற குற்றச்சாட்டுகளை இதே நீதிபதிதான் தள்ளுபடி செய்தார். வஞ்சம் வைத்து எழுதியவர் அப்படிச் செய்வாரா? மேல்முறையீட்டுக்காகத் தீர்ப்பை 20 நாள் நிறுத்தி வைத்தவரும் அவர்தான்.

கே: கடைசியில் உச்ச நீதிமன்றம் இந்திராவின் தேர்தல் செல்லும் என்றதே. அப்படியானால் சின்ஹா தோற்றாரா?

ப: இல்லை. நெருக்கடி நிலை வந்தது. தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தினார்கள். திருத்திய சட்டப்படிதான் நவம்பர் 7-ல் இந்திராவின் தேர்தல் செல்லும் என்றானது. ஆனால் பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்று 39-ஆவது திருத்தத்தில் நுழைத்த பிரிவை அதே தீர்ப்பு வெட்டி எறிந்தது. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொட முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு, ஒரு திருத்தத்தையே வீழ்த்தியது அப்போதுதான். அலகாபாத் தீர்ப்பு இல்லாவிட்டால் அந்தச் சோதனையே வந்திருக்காது.

கே: ஜனதா ஆட்சி அவருக்கு என்ன கொடுத்தது?

ப: ராஜ் நாராயணுக்காக வாதாடிய சாந்தி பூஷண் 1977-ல் சட்ட அமைச்சரானார். இமாசலப் பிரதேசத்துக்கு மாறினால் தலைமை நீதிபதி ஆகலாம் என்று சின்ஹாவைக் கேட்டதாகச் சாந்தி பூஷணே பிறகு சொன்னார். சின்ஹா வேண்டாம் என்றுவிட்டார்.