புதிதாக கிளினிக் திறக்கும் டாக்டருக்கு

பலகையில் 'மாலை 6 முதல் 9 வரை' என்று எழுதுங்கள். வருவது ஏழேகாலுக்கு. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான் உங்கள் பெயர் ஊரில் பரவும். தெருவில் போகிறவர் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துத்தான் டாக்டரின் கைராசியை முடிவு செய்கிறார். வந்தவரை உடனுக்குடன் பார்த்து அனுப்பினால் செருப்பு எப்படிச் சேரும்?

டோக்கன் காலை 7 மணிக்கு, தொலைபேசியில் மட்டும். ஒரே எண். கால் மணி நேரம் 'பிஸி', அதன்பிறகு "இன்னிக்கு முடிஞ்சிடுச்சும்மா." டோக்கனில் எண் இருக்கலாம், நேரம் இருக்கவே கூடாது. 34ஆம் டோக்கன்காரரிடம் "எட்டரைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால், மனுஷன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்துவிடுவார். எல்லாரும் ஆறு மணிக்கே வர வேண்டும்.

இந்த விஷயத்தில் நார்மன் பெய்லி என்பவரிடம் எச்சரிக்கை தேவை. பிரிட்டனில் மருத்துவமனைகளின் வெளிநோயாளி வரிசையை ஆராய்ந்து 1952இல் கட்டுரை எழுதிய புள்ளியியலாளர். தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள். ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகுமோ, அந்த இடைவெளியில் மற்றவர்களை ஒவ்வொருவராக வரவழையுங்கள். டாக்டரும் அதிகம் சும்மா இருக்க மாட்டார், நோயாளியும் மணிக்கணக்கில் உட்கார மாட்டார் என்பது அவர் கணக்கு. ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் போதும், கம்ப்யூட்டர்கூட வேண்டாம். அதுதான் ஆபத்தே. யாராவது இதை எடுத்துச் சொன்னால், "நம்ம ஜனங்க டயத்துக்கு வர மாட்டாங்க சார்" என்று முடித்துவிடுங்கள். அதே ஜனங்கள் ரயிலுக்கு அரை மணி முன்னதாகவே பிளாட்பாரத்தில் நிற்பதை அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நம்புவோம்.

அடுத்து கம்பவுண்டர். கதவுக்கு அவர்தான் அதிபதி. டோக்கன் வரிசை ஒன்று. "ரிப்போர்ட் மட்டும் காட்டணும்" வரிசை இன்னொன்று. "டாக்டருக்குத் தெரிஞ்சவங்க" மூன்றாவது. இவற்றுக்கு நடுவே பையோடு ரெப். நாலும் ஒரே கதவில் முட்ட வேண்டும். ரிப்போர்ட்டுக்கும் ரெப்புக்கும் மத்தியானம் தனி நேரம் ஒதுக்கினால் நெரிசல் பெருமளவு குறைந்துவிடும். ஆகவே ஒதுக்காதீர்கள்.

சுகர், பிரஷர்காரர்கள் உங்கள் கிளினிக்கின் அஸ்திவாரம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அரசாங்கமே மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. உங்களுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. அளவு சீராக இருந்தாலும், அதே சீட்டில் அதே மாத்திரையை மறுபடி எழுத மாதாமாதம் நேரில் வரச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்த பாட்டியை மட்டும் முதலில் அனுப்பிவிடுங்கள். மயங்கி விழுந்தால் இருக்கிற வேலையும் கெடும்.

உள்ளே வந்தவருக்கு எவ்வளவு நேரம் என்பதற்கும் அளவுகோல் உண்டு. 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017இல் வெளியான ஆய்வில், ஆரம்பநிலை மருத்துவரிடம் நோயாளிக்குக் கிடைக்கும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 நொடி. ஸ்வீடனைப் பார்த்து ஏங்காதீர்கள். 48 நொடியில் நாக்கை நீட்டச் சொல்லலாம், சீட்டு எழுதலாம், நடுவில் ஒரு போனும் பேசலாம். நோயாளி வாசல்வரை போய்த் திரும்பி "இன்னொண்ணு கேக்கணும் டாக்டர்" என்பார். அடுத்த டோக்கனுக்கு மணியடித்துவிடுங்கள்.

உங்களுக்கே பல்வலி வந்தால் பக்கத்துத் தெரு பல் டாக்டருக்கு ஒரு போன் செய்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போங்கள். அங்கே நீங்கள் மூன்றாவது வரிசை.