பீரோவுக்குள் சாவி

எங்கள் கிரானைட் கம்பெனியில் கல் அறுக்க ஆள் உண்டு, பாலிஷ் போட ஆள் உண்டு, லாரியில் ஏற்ற ஆள் உண்டு. கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி ஆள் கிடையாது. நான்தான். நான் சேர்ந்தது என்னவோ கணக்கு எழுதத்தான். ஒருநாள் மானிட்டர் இருண்டு போய் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கழன்று கிடந்த பிளக்கை எடுத்துச் செருகிவிட்டேன். அன்றிலிருந்து சாமல்பட்டியில் நான் ஐ.டி. துறை.

கம்பெனியின் இணையப் பெயரை முதலாளியின் மச்சான் எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்டிருந்தார். நடுவில் ஒரு கோடு, கடைசியில் ஓர் எழுத்துக் குறைவு. போனில் மெயில் ஐ.டி. கேட்டால் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். "கீழ்க்கோடு இல்லீங்க, நடுக்கோடு. மைனஸ் மாதிரி. ஐயோ, மைனஸ்னு எழுதாதீங்க!" ஓசூர் பக்கம் வியாபாரம் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். மூன்றிலும் தப்பாகத்தான் எழுதிக்கொண்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. போலித் தளங்களைக் காட்டி ஜனங்களை ஏமாற்றுகிறார்கள் என்பதால், எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறிவிட வேண்டுமாம். முதலாளி பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, ஊர்ல இருக்கிற பேங்க் எல்லாம் மாறுது. நாம ஒரே ஒரு கம்பெனி. எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம், சார்."

என் வாழ்க்கையின் பெரிய கஷ்டங்கள் எல்லாம் இந்த 'ஒரு மணி நேர'த்தில் தொடங்கியவைதான். குழாய்க்கு வாஷர் மாற்றியதும் அப்படித்தான். அன்று தெருவே நனைந்தது.

புதுப் பெயர் வாங்குவது சுலபம். காசு கட்டினால் முடிந்தது. மெயில் சமாச்சாரம்தான் வேறு. ஒவ்வொரு இணையப் பெயருக்கும் 'எம்.எக்ஸ்.' என்று ஒரு குறிப்பு உண்டு. 'இந்தப் பெயருக்கு வரும் தபாலை இன்ன வாசலில் போடு' என்று தபால்காரருக்கு எழுதி ஒட்டும் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பழைய பெயரின் சீட்டைக் கிழித்துவிட்டு, எங்கள் புது மெயில் சர்வீஸின் வாசலை எழுதி ஒட்டினேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

அந்தச் சீட்டிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஊரிலுள்ள சர்வர்கள் பழைய விலாசத்தை எத்தனை வினாடி ஞாபகம் வைத்திருக்கலாம் என்று. எங்களுடையது 86,400. அதாவது ஒரு முழு நாள். விவரம் தெரிந்தவர்கள் இதை முந்தின நாளே 300 ஆகக் குறைத்துவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார்கள். நான் எல்லாம் முடிந்த பிறகு குறைத்தேன். தாலி கட்டி முடித்துவிட்டு ஜாதகம் பார்க்கிற ஜாதி.

அதனால் அன்று முழுக்கச் சிலருடைய மெயில் வந்தது, சிலருடையது வரவில்லை. மறுநாள் நிலவரம் தெளிவாகிவிட்டது. யாருடையதும் வரவில்லை. எங்கள் ஊர் ஸ்டேஷனை சேலம், ஜோலார்பேட்டை எக்ஸ்பிரஸ்கள் தூசி கிளப்பிக்கொண்டு கடப்பதுபோல ஆர்டர்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. காரணம் இதுதான்: தபாலைப் புது வாசலுக்குத் திருப்பிவிட்டேனே தவிர, 'பழைய பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவர்களும் நம்மவர்கள்தான், உள்ளே விடு' என்று அந்த வாசலில் சொல்லி வைக்கவில்லை. போன மெயிலெல்லாம் 'அப்படி இங்கே யாரும் இல்லை' என்று திரும்பியது.

சரி, சொல்லிவிடலாம் என்று போனால், 'பழைய பெயர் உன்னுடையதுதான் என்று நிரூபி. அந்தப் பெயரின் கணக்குக்குள் போய் இந்த வரியைச் சேர்' என்றது புது சர்வீஸ். சீட்டை மாற்றியபோது திறந்தே கிடந்த அந்தக் கணக்கு இப்போது பாஸ்வேர்டு கேட்டது. அது மறந்துவிட்டது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்று ஒரு பொத்தான் அன்பாகக் கேட்டது. அமுக்கினேன். 'உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிட்டோம்' என்றது.

எந்த மெயிலுக்கு? மச்சான் பதிந்து வைத்திருந்த பழைய மெயிலுக்கு. நான் வாசலை மாற்றி வைத்த அதே மெயிலுக்கு.

அன்று ராத்திரி களி உருண்டை தொண்டையில் இறங்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். என் மனைவிக்கு எம்.எக்ஸ். தெரியாது. ஆனால் என்னைத் தெரியும்.

"போன வருஷம் பீரோ சாவியை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டினீங்களே, அதே கதைதானே?"

விடுவேனா? "பெரிய பெரிய கம்பெனிக்கே நடந்திருக்கு. 2018 செப்டம்பர்ல நம்ம ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனியோட இணையப் பேரையே, அதைப் பதிவு செஞ்ச கம்பெனி முடக்கிடுச்சு. மோசடி மெயில் வருதுன்னு யாரோ புகார் கொடுத்தாங்களாம். உலகம் பூரா அவங்களோட மெயில் பல மணி நேரம் கிடைக்கல. அவங்க முதலாளி ஸ்ரீதர் வேம்புவே ட்விட்டர்ல உதவி கேட்டாரு."

"அவங்களை வேற யாரோ பூட்டினாங்க," என்றாள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே. "நீங்க உங்களையே பூட்டிக்கிட்டீங்க."

பெயரைப் பதிந்த கம்பெனிக்குப் போன் செய்தேன். 'பதிவு செய்த மெயிலிலிருந்து எழுதுங்கள்' என்றார்கள். அந்த மெயில்தான் போயிற்று என்றேன். 'அப்படியானால் அதையும் பதிவு செய்த மெயிலிலிருந்தே எழுதுங்கள்' என்றார்கள். பான் கார்டு, ஜி.எஸ்.டி. சான்றிதழ், முதலாளியின் கையெழுத்து என்று ஒரு கல்யாணச் சீர்வரிசையே அனுப்பி, நான்காம் நாள் கதவு திறந்தது.

புதுப் பெயரில் முதல் விலைப்புள்ளியை ஒரு பெங்களூர்க்காரருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. 'இந்தப் பெயரில் அனுப்ப இன்னாருக்கு அனுமதி உண்டு' என்ற குறிப்புகளை நான் எழுதவில்லையாம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இதில் ரொம்பக் கறார். எங்கள் கருப்பு கிரானைட், அவருடைய ஸ்பேம் பெட்டியில், லாட்டரிப் பரிசுக்கும் முடி வளரும் தைலத்துக்கும் நடுவே படுத்திருந்தது.

இப்போது எல்லாம் சரி. பழைய பெயரையும் விட முடியாது. விட்டால் வேறு யாராவது வாங்கி எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். அதனால் காலி செய்த வீட்டுக்கும் வாடகை கட்டுகிறோம். பாஸ்வேர்டு மறந்தால் போய்ச் சேரும் மெயில் கம்பெனிப் பெயரில் இருக்கக் கூடாது, வெளியில் இருக்க வேண்டும் என்பதும் புரிந்துவிட்டது. முதலாளியிடம் அப்படி ஒன்று கிடையாது. என்னுடையதைக் கொடுத்தேன். என்னுடையதன் பாஸ்வேர்டை நான் மறந்தால் ஓ.டி.பி. என் மனைவியின் போனுக்குப் போகும்.

ஆக, கம்பெனியின் சாவி இப்போது பீரோ சாவியோடு அவள் இடுப்பில் இருக்கிறது. சம்பளம் மட்டும் எனக்கு வருகிறது. அதுவும் சாயங்காலம் வரைக்கும்தான்.