அப்பாவின் உரைகல்

அப்பா பத்தர். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் பட்டறை. குமுட்டி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, ஊதுகுழலால் ஊதிப் பற்றவைப்பார். சாயங்காலம் அம்மா திண்ணையைப் பெருக்கி, அந்தக் குப்பையை ஒரு சட்டியில் சேர்த்துவைப்பாள். அதில் பொன்துகள் இருக்கும்.

1963 ஜனவரியில், சீனப் போர் ஓய்ந்த கையோடு, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. கடத்தல் தங்கத்தால் அந்நியச் செலாவணி கரைகிறது, ஜனங்கள் தங்க ஆசையை விட்டால் நாடு பிழைக்கும் என்பது அரசின் கணக்கு. 14 காரட் என்றால் நூற்றுக்கு 58 பங்குதான் தங்கம். கம்பி இழுத்தால் பட்டென்று அறுந்தது. "பத்தரே, இதையா பொண்ணு கழுத்துல போட்டு அனுப்புறது?" என்று கேட்டுவிட்டுப் போனார் ஓர் அம்மாள். பிறகு யாரும் வரவில்லை. பிழைப்புப் போய் உயிரை மாய்த்துக்கொண்ட பொற்கொல்லர்கள் நாடெங்கும் உண்டு. அப்பா சைக்கிளில் டீத்தூள் விற்கப் போனார்.

அப்போதும் அரசின் பேச்சை அவர் நம்பினார். அம்மாவின் ஒரு பவுன் சங்கிலியை விற்று, அக்கா பெயரில் தபால் ஆபீசில் 12 வருஷப் பத்திரம் வாங்கினார். அன்று 10 கிராம் தங்கம் நூறு ரூபாய்க்குள். 1966 ஜூனில் 4.76 ரூபாயாக இருந்த டாலரை அரசு 7.50 ஆக்கியது. 1974-இல் விலைவாசி ஏறிய வேகத்துக்கு எந்த வட்டியும் ஈடுகொடுக்கவில்லை. 1975-இல் பத்திரம் முதிர்ந்தபோது 10 கிராம் 500 ரூபாயைத் தாண்டியிருந்தது. வந்த பணத்தில் அரைப் பவுன்கூடத் தேறவில்லை. விற்காமல் வைத்திருந்த வளையலால்தான் அக்கா கல்யாணம் நடந்தது.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் ரத்தானது. மறு வருஷமே அந்நியச் செலாவணி வற்றி, ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடுவைத்தது. பேப்பரில் படித்துவிட்டு அப்பா சொன்னார்: "ஆத்திர அவசரத்துக்குப் பொண்டாட்டி வளையலைக் கழட்டற மாதிரிதாண்டா. நாடும் ஒரு குடும்பம்தானே."

2009-இல் அதே ரிசர்வ் வங்கி பன்னாட்டு நாணய நிதியத்திடம் 200 டன் வாங்கியது. 2025 மார்ச்சில் அதன் கையிருப்பு ஏறக்குறைய 880 டன். அது சரியான காரியம் என்றே நினைக்கிறேன். அம்மாவுக்கும் அதே புத்திதான் இருந்தது. அவளைப் போன்றவர்களைத்தான் அன்று திருத்தப் பார்த்தார்கள்.

அப்பாவின் உரைகல் என் மேஜையில் இருக்கிறது. தெரிந்த மாற்றுள்ள பொன்னைப் பக்கத்தில் இழைத்துப் பார்க்காமல் எந்த நகைக்கும் அவர் மதிப்புச் சொன்னதில்லை. வைப்புநிதியில் போடட்டுமா என்று பேத்தி கேட்கும்போது நானும் அதைத்தான் செய்கிறேன். வட்டி ஒரு கோடு, விலைவாசி ஒரு கோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இழைத்துப் பார்த்த பிறகே, போடு என்கிறேன்.