பெட்டிசம் மாமா

ஹட்டன் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு சங்கத் தலைவர் இருப்பார், ஒரு பூசாரி இருப்பார், ஒரு பெட்டிசம் மாமாவும் இருப்பார். முதல் இரண்டு பேரையும் சனம் தெரிவு செய்யும். மூன்றாமவர் தானாக முளைப்பவர். கொழும்பில் ஏதாவதொரு கடையில் கணக்கெழுதி, கண் மங்கிய பிறகு லயத்துக்குத் திரும்பியவராக இருப்பார். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதுவதற்கு, மற்றது அதன் மேல் நம்பிக்கை இல்லாததால்.

நான் அறிந்த மாமாவுக்குச் சீவியகால எதிரி எலி. குளவி கொட்டினால் பேப்பரில் வரும், பத்துப் பேரை டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்த படமும் வரும். எலி கடித்தால் யார் போடுவார்கள்? ஆகவே எலிக்காக அவர்தான் எழுத வேண்டியிருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, வெள்ளைக்காரன் கட்டிய லயம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் உண்டு, கூரைக்கு அடியில் அதுவும் கிடையாது. முதல் காம்பராவில் ஏறும் எலி, மழையில் நனையாமல் கடைசிக் காம்பராவில் இறங்கலாம். நீங்கள் உங்கள் வீட்டில் பொறி வைத்தால் அது அடுத்த வீட்டுக்குக் குடிபோகும், பொறியை எடுத்ததும் திரும்பி வரும். "இது ஆள் வச்ச எலி இல்ல, கட்டடம் வச்ச எலி" என்பது மாமாவின் வாதம். எந்த அப்புக்காத்தும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

பெட்டிசத்தில் எலிக்குத் தனி மரியாதை உண்டு. "மேற்படி எலியானது கடந்த வெள்ளிக்கிழமை இரவு எனது அரிசி மூட்டைக்குள் அத்துமீறிப் பிரவேசித்து..." என்று போகும். கீழே 'பிரதிகள்' என்று ஒரு பட்டியல்: பிரதேச செயலாளர், தொழில் ஆணையாளர், சுகாதார வைத்திய அதிகாரி, மனித உரிமைகள் ஆணைக்குழு, கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர். பெட்டிசம் ஒரு பக்கம் என்றால் பிரதிகள் ஒன்றரைப் பக்கம்.

ஒருநாள் ஆபீசில் பெரிய கிளாக்கர் கேட்டார்: "நீங்க என்னா வாடகையா குடுக்கிறீங்க?"

"மூணு தலைமுறையா கூடையில குடுத்திருக்கோம் ஐயா."

கிளாக்கர் அதற்கு ரசீது கேட்கவில்லை.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வீட்டுக்காரர் யார்? தோட்டத்துத் துரையிடம் போனால், கம்பனியைக் கேட்க வேண்டும் என்றார். 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. நிலமோ இன்றும் அரசாங்கத்துடையது. ஆகவே கம்பனி, "நாங்களே குத்தகைக்காரர்தானே" என்றது. வீடமைப்பு விஷயம் என்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வீடு கட்டுவது பற்றிப் பேசலாம், எலி பற்றிப் பேச முடியாது. பிரதேச சபையோ பல காலம் வாயே திறக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று, தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்கக் குறுக்கே நின்றது. ஓட்டுக் கேட்க மட்டும் தோட்டத்துக்குள் வரலாம். 2018இல் அதைத் திருத்தினார்கள். மாமா அன்றே சபைக்குப் புதுத் திகதி போட்டு அதே பெட்டிசத்தை அனுப்பினார். இத்தனை பேரில் ஒருவர்கூட "வீடு எங்களுடையது" என்று சொல்லாதபோது, உரிமையோடு குடியிருந்தது எலி மட்டும்தான்.

பதில் வந்தாலும் தொல்லை. லயத்துக் காம்பராவுக்கு விலாசம் ஏது? தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். துரையைப் பற்றி எழுதிய பெட்டிசத்துக்குப் பதில், துரையின் மேசையைத் தாண்டித்தான் மாமாவின் கைக்கு வர வேண்டும். வந்த கடிதங்களின் உறைகள் எல்லாம் ஏற்கனவே திறந்திருந்ததை, ஈரக் குளிரில் பசை விட்டுப்போனதாக அவர் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார்.

அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று நானும் ஒரு கதை சொன்னேன். 1842இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் சேர் தோமஸ் மராபிள் என்ற கனவான், தளபாடங்களோடு ஒரு வீட்டை வாரம் எட்டு கினிக்கு எடுத்தார். போய்ப் படுத்தால் மூட்டைப்பூச்சி. சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர் மிச்ச வாடகைக்கு வழக்குப் போட்டார். மனுசர் இருக்க முடியாத வீட்டுக்கு வாடகை இல்லை என்று 1843இல் தீர்ப்பு வந்தது. மாமா எழுந்தே நின்றுவிட்டார். அவசரப்படாதீங்க மாமா என்று மிச்சத்தையும் சொன்னேன். அதை அடுத்து இன்னொரு வழக்கு, அதே மூட்டைப்பூச்சி, ஆனால் தளபாடம் இல்லாத வெறும் வீடு. அங்கே குடியிருந்தவர் தோற்றார்.

மாமா காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். "தொரை குடுத்த சாமான்னு இங்க ஒண்ணுமில்லையே தம்பி." நம் நாட்டு வாடகைச் சட்டத்துக்கு அடிப்படை ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம் என்று நான் விளக்குவதற்குள் கார்பன் தாளைத் தேட ஆரம்பித்துவிட்டார். மறுநாள் போன பெட்டிசத்தில் எலி என்ற சொல்லே இல்லை. தனது காம்பராவுக்குத் தோட்ட நிர்வாகம் ஒரேயொரு நாற்காலி தந்துதவ வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார்.

நாற்காலி வரவில்லை, வீடு வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி இன்னும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்த கூட்டத்துக்கு மாமாவும் போயிருந்தார், பையில் பெட்டிசத்தோடு. பல வருடம் கழித்து, மகன் பேரில் ஏழு பேர்ச் காணியில் ஒரு தனி வீடு கிடைத்தது. சுவர் கூரை வரை எழும்பிய வீடு. எலியைக் காணோம். மாமாவின் பேனா இரண்டும் பையிலேயே கிடந்தன. கை கால் ஓடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

போன மழைக்குப் பிறகு மருமகள் நிலைக்கதவைக் காட்டினாள், கறையான் ஏறியிருந்தது.

"இப்ப யாருக்கு மாமா எழுதுவீங்க? வீடுதான் நம்மளோடதாச்சே."

மாமா கொஞ்சம் யோசித்தார். "காணி உறுதி கைக்கு வந்துருச்சா?"

"எங்க வந்துச்சு? தாரோம் தாரோம்ங்கிறாங்க."

"அப்ப இன்னும் நம்மளோடது இல்ல" என்று மலர்ந்த முகத்தோடு பேனாவின் மூடியைக் கழற்றினார்.